சொல் எங்கே போகிறது? சென்னை இண்டி ராக் மேடையில் பாட்டு மூழ்குவதன் காரணங்கள்

சென்னையில் தமிழ் இண்டி ராக் நிகழ்ச்சி ஒன்று முடிந்த மறுநாள் சமூக ஊடகங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும்: “மியூசிக் பிரமாதம், ஆனா என்ன பாடினாங்கன்னே புரியலை.” ஒரு தரப்பு சவுண்ட்காரரைத் திட்டும். இன்னொரு தரப்பு, ராக் என்றாலே இரைச்சல்தான் என்று முடித்துவிடும். வீட்டில் ஹெட்போனில் அதே பாட்டு சொல் சொல்லாகக் கேட்கிறது. மேடையில் மட்டும் அந்தச் சொற்கள் எங்கே போகின்றன?

இதற்கு ஒற்றைக் குற்றவாளி கிடையாது. இண்டி என்ற ஏற்பாட்டின் பொருளாதாரம், டிரம்ஸின் சத்தம், கிடாரின் அலைவரிசை, தமிழின் குறில் நெடில், கூடத்தின் சுவர், மேடைக்குக் கிடைக்கும் நேரம் ஆகிய எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகள். எதையும் சரிசெய்ய முடியாது என்ற நிலையும் இல்லை. பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவே தேவையில்லை.

இண்டி என்பது முதலில் ஒரு பணக் கணக்கு

‘இண்டிபெண்டென்ட்’ என்பதன் சுருக்கம்தான் இண்டி. இது இசைவகையின் பெயராகப் பிறக்கவில்லை. பிரிட்டனில் பஸ்காக்ஸ் என்ற குழு கடனாகத் திரட்டிய சுமார் 500 பவுண்டில் நான்கு பாடல்கள் கொண்ட ஒரு தட்டைப் பதிவு செய்து, 1977 ஜனவரியில் தானே வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். பெரிய நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் தட்டு போடலாம் என்பதற்கு அது சாட்சியானது. லண்டனில் 1976இல் கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட் இரண்டே ஆண்டில் வெளியீட்டு நிறுவனமும் ஆனது. 1980இல் பிரிட்டனில் இண்டி விற்பனைப் பட்டியல் தனியாக வெளிவரத் தொடங்கியபோது, அதில் இடம்பெற ஒரு தட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய நிறுவனங்களின் விநியோக வலையில் சிக்காமல் அது கடைக்கு வந்ததா என்பதே கேள்வி.

பிறகு அந்த வட்டத்தில் அடிக்கடி கேட்ட ஒலிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கணகணவென்று ஒலிக்கும் கிடார், மெருகேற்றாத குரல், அறையின் எதிரொலியை மறைக்காத பதிவு. 2001இல் முதல் ஆல்பம் வெளியிட்ட ஸ்ட்ரோக்ஸ் குழு, ஆர்சிஏ என்ற பெரிய நிறுவனத்தின் கீழ் இருந்தும் இண்டி ராக் என்றே அறியப்பட்டது அதனால்தான்.

சென்னையில் இந்தச் சொல் இன்னொரு பொருளையும் எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் இண்டி என்றால் பெரிய இசை நிறுவனத்துக்கு வெளியே. இங்கே இண்டி என்றால் சினிமாவுக்கு வெளியே. சினிமாப் பாடல்களை விற்கும் அதே நிறுவனம் பணம் போட்டு, நட்சத்திர முகத்தோடு வெளியிடும் தனிப்பாடலும் இங்கே ‘இண்டி’ ஆகிவிடுகிறது. குழப்பம் இங்கேதான் ஆரம்பம். அதைத் தீர்க்க ஒரு கேள்வி போதும்: மேடைக்கும் பதிவுக்கும் யார் பணம் கொடுத்தது? குழுவே கொடுத்திருந்தால், சவுண்ட் வாடகை, ஒத்திகை அறை, வண்டி எல்லாம் அந்த நான்கைந்து பேரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. இந்தக் கட்டுரை பேசுவது அவர்களைப் பற்றி.

சென்னையில் இந்த மரபு நேற்று முளைத்ததல்ல. ஐஐடியின் சாரங் விழா, அடையாறு அன்வைண்ட் சென்டர் போன்ற மேடைகளில் வளர்ந்த தலைமுறையில் ஜங்க்யார்ட் குரூவ், ஸ்க்ராட் போன்ற குழுக்கள் வந்தன. பின்னர் எஃப்16ஸ் வந்தது. இவர்கள் பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். குரங்கன் போன்ற குழுக்கள் தமிழை எடுத்தபோது ரசிகரின் எதிர்பார்ப்பு மாறியது. ஆங்கிலப் பாட்டில் நான்கு சொல் நழுவினாலும் தலையாட்டிக்கொண்டே நின்ற அதே கூட்டம், தமிழில் ஒரு சொல் நழுவினால் நிமிர்ந்து பார்க்கிறது. அந்தக் கவனம் இந்த இசைக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அதற்கு மேடை ஈடுகொடுத்தே ஆக வேண்டும்.

பாணியா, பிழையா?

குரலைப் பின்னால் தள்ளி வைப்பது இண்டி ராக்கில் பல ஆண்டுகளாக வேண்டுமென்றே கையாளப்படும் உத்தி. ‘ஷூகேஸ்’ என்ற பிரிவில் குரலும் ஒரு கிடாரைப் போலவே கலக்கப்படும். சொல் முன்னால் வந்து நிற்காது. மை பிளடி வேலன்டைன் போன்ற குழுக்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இதைத் தம் அடையாளமாக்கின. ஆகவே ‘சொல் கேட்கவில்லை’ என்பதாலேயே ஒரு நிகழ்ச்சி பிழையாகிவிடாது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. குழுவின் பதிவைக் கேளுங்கள். அதில் குரல் தெளிவாக முன்னால் இருந்து, மேடையில் மட்டும் காணாமல் போனால் அது பிழை. பதிவிலேயே பின்னால் இருந்தால் அது தேர்வு. சென்னையின் தமிழ்க் குழுக்களில் பெரும்பாலானவை வரிகளை நம்பிப் பாடுபவை. அவர்களின் பதிவில் சொல் துல்லியமாக இருக்கிறது. எனவே மேடையில் அது தொலைவதைப் பாணி என்று சமாதானம் சொல்ல இடமில்லை.

முதல் கண்ணி: டிரம்ஸ்தான் அளவுகோல்

சிறிய கூடத்தில் சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பவர் சவுண்ட்காரர் இல்லை, டிரம்மர். மற்ற எதையும், எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்சரில் குறைக்கலாம். டிரம்ஸுக்கு மைக்கே வைக்காவிட்டாலும் அது தன் சத்தத்தோடு நேரே வந்து சேரும்.

மூன்றாவது வரிசையில் டிரம்ஸின் சத்தம் மட்டும் சராசரி 97 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்னேர் என்ற சிறு டிரம்மும் கிராஷ் என்ற உலோகத் தட்டும் ஓங்கி அடிபடும் சிறிய அறையில் இது அசாதாரணம் இல்லை. சொல் புரிய வேண்டுமானால் குரல் அதற்கு மேலே சில டெசிபலாவது நிற்க வேண்டும். அப்படியானால் குரல் மட்டுமே 100க்கு மேல். அதோடு இரண்டு கிடாரும் பேஸும் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறையில் இசைக்கூடங்களுக்குச் சொன்ன உச்சவரம்பு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். கச்சேரி தொடங்கும் முன்பே வரம்பு தீர்ந்துவிட்டது.

இங்கே செய்யக்கூடியவை நேரடியானவை. டிரம்ஸின் அடியிலும் பின்னாலும் கனத்த ஜமுக்காளம் விரிப்பது. ஸ்னேரின் தோலில் ஜெல் துண்டு ஒட்டுவது அல்லது ஓரத்தில் ஒரு கைக்குட்டையை மடித்து டேப் போடுவது. கனமான கிராஷுக்குப் பதில் மெல்லிய, சிறிய தட்டு. மெதுவான பாடல்களுக்குக் குச்சிகளைக் கட்டிய ‘ராட்ஸ்’. இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, பாடும் இடத்தில் ஹைஹாட் என்ற ஜோடித் தட்டை மூடி வாசித்து, பாடாத இடத்தில் திறப்பது. நல்ல டிரம்மர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

இரண்டாவது கண்ணி: கிடாரும் குரலும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன

குரலின் உயிர் ஒலிகளுக்கு வேண்டிய சக்தி பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் வெடிப்பும் உரசலும் பெருமளவு 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில். ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் ஓவர்டிரைவ் பெடலை மிதித்த கிடார் இந்த இடத்தையே நிரப்புகிறது. சிதைத்த ஒலிக்கு இன்னொரு குணமும் உண்டு: தந்தி அதிர்ந்து அடங்கும் ஏற்ற இறக்கம் தட்டையாகி, இடைவெளியே இல்லாத சுவர் போல நிற்கும். ஒரே அலைவரிசையில் வலுத்த ஒலி மெலிந்த ஒலியைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும்.

இண்டி ராக்கின் கிடார், மெட்டலைப் போல் அடர்த்தியானதல்ல. ஜாஸ்மாஸ்டர், டெலிகாஸ்டர் போன்ற கிடார்களின் ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி), கோரஸ், செயற்கை எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் டிலே என்று மேல் அலைவரிசையில் மினுமினுக்கும் ஒலி அது. அழகும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். மினுமினுப்பு உட்காரும் இடமும் மெய்யெழுத்து உட்காரும் இடமும் ஒன்றே.

கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியை வைக்கும் விதம் இதை மோசமாக்குகிறது. 12 அங்குல ஸ்பீக்கர் உயர்ந்த ஒலியைக் குறுகிய கற்றையாக நேரே அடிக்கும். ஆம்ப் தரையில் இருந்தால் அந்தக் கற்றை கிடார் வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகிறது. அவர் காதுக்கு மந்தமாகக் கேட்கிறது. ட்ரெபிளைக் கூட்டுகிறார், வால்யூமைக் கூட்டுகிறார். எதிரே நிற்கும் முதல் வரிசையின் முகத்தில் அது ஊசியாக இறங்குகிறது. ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, அவர் காதை நோக்கிச் சாய்த்தால் அவரே குறைத்துவிடுவார். செலவு: ஒரு நாற்காலி.

வீட்டில் அமைத்த பெடல் அளவுகளும் மேடைக்குப் பொருந்தாது. தனியாக வாசிக்கும்போது நிறைவாகத் தோன்றும் கெயின் (சிதைவின் அளவு), குழுவோடு சேரும்போது சேறாகிறது. மேடையில் கெயினைக் கால் பங்கு குறைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அதைப் பேஸுக்கு விட்டுக்கொடுத்து, பாடும் நேரத்தில் மட்டும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபல் இறக்கினால் குரலுக்கு வாசல் திறக்கும்.

மூன்றாவது கண்ணி: தமிழின் மாத்திரை

ஆங்கில ராக்கின் மெட்டை அப்படியே எடுத்துத் தமிழ் வரியைப் பொருத்தும்போது வரும் இந்தச் சிக்கலைத்தான் குழுக்கள் மிகக் குறைவாகப் பேசுகின்றன. சவுண்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது தீராது.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையை எவ்வளவு இழுத்தாலும் சொல் மாறாது. தமிழில் உயிரின் நீளமே பொருள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தாளத்தின் வலுவான அடியில் குறில் விழுந்து, பாடகர் அதை இழுத்தால் ‘மனம்’ ‘மானம்’ ஆகிறது, ‘விடு’ ‘வீடு’ ஆகிறது, ‘கலை’ ‘காலை’ ஆகிறது. அமைதியான அறையில் கேட்பவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். கிடார் சுவருக்குப் பின்னாலிருந்து வரும்போது ஊகிக்கச் சூழலே மிஞ்சாது.

இரண்டாவது, இரட்டிக்கும் வல்லினம். ‘பத்து’, ‘பட்டு’, ‘அக்கா’ போன்ற சொற்களில் த், ட், க் என்பவை ஒலிகளே அல்ல, சின்ன மௌனங்கள். நாக்கு அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு எதுவும் வராமல், பிறகு வெடிக்கிறது. அந்த மௌனத்தை ரிவெர்பும் கூடத்தின் எதிரொலியும் நிரப்பிவிட்டால் எழுத்தே அழிந்துபோகிறது. அதனால்தான் ஆங்கிலப் பாடகருக்கு அழகாகப் பொருந்திய நீண்ட ரிவெர்ப், தமிழ் வரியைக் குழைத்துவிடுகிறது.

மூன்றாவது, ல, ள, ழ. இவற்றைப் பிரித்துக் காட்டும் வேறுபாட்டில் பெரும்பகுதி ஏறத்தாழ 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்குகிறது. கிடார் குடியிருக்கும் அதே தெரு. ‘வலி’யா ‘வழி’யா என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் போவது பாடகரின் உச்சரிப்புக் கோளாறாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

நான்காவது, தமிழில் யார், எப்போது என்பவை சொல்லின் வாலில் இருக்கின்றன. ‘வந்தேன்’, ‘வந்தாய்’, ‘வந்தான்’ எல்லாம் ஒரே தலையோடு தொடங்குகின்றன. மூச்சு குறையும் வரி இறுதியில் பாடகரின் சத்தம் இறங்கும். அதே இடத்தில் டிரம்மர் அடுத்த வரிக்கான ரோலை உருட்டுவார். பொருளைச் சுமக்கும் வால் அந்த ரோலுக்கு அடியில் நசுங்குகிறது.

சென்னைக்கு இதன் தீர்வு ஏற்கெனவே தெரியும். கானாவில் குறில் குறிலாகவே நிற்கும். சொல் தாளத்தை நறுக்கிக்கொண்டு முன்னால் ஓடும். தாளக்கருவி வரியின் வாலுக்கு வழிவிடும். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அவ்வளவு பெரிய குழுவிலும் வரி முன்னால் நின்றதற்குக் கானாப் பாடகர்களின் சொல் வெட்டு ஒரு முக்கியக் காரணம். இண்டி ராக் குழுக்கள் கடன் வாங்க வேண்டியது கானாவின் மெட்டை அல்ல, இந்த வெட்டைத்தான்.

நான்காவது கண்ணி: சுவர்

ஒலியை நிறுத்திய பிறகு அது 60 டெசிபல் அடங்க ஆகும் நேரத்தை எதிரொலி நேரம் என்கிறோம். வாலஸ் சபைன் வகுத்த வாய்பாடு எளிமையானது: கூடத்தின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும்.

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை. நம் கல்யாண மண்டபங்கள் பலவும் இந்த ஜாதிதான். கன அளவு 1,200. மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர். அது 5 சதவீதம் மட்டுமே உறிஞ்சும் என்று கொண்டால் உறிஞ்சும் பரப்பு 40. ஒரு ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் என்று சேர்த்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

1. காலிக் கூடம்: 4.8 நொடி.
2. 60 பேர் வந்தால்: 2.9 நொடி.
3. 200 பேர் வந்தால்: 1.5 நொடி.
4. 60 பேர் வந்து, 60 சதுர மீட்டர் பின்சுவர் முழுவதும் பாதியளவு ஒலியை உறிஞ்சும் கனத்த திரை தொங்கினால்: 2.1 நொடி.

இந்த அளவுள்ள அறையில் ராக் இசைக்கு ஒரு நொடியை ஒட்டி இருந்தால் நல்லது. இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். மதியம் காலிக் கூடத்தில் செய்த சவுண்ட் செக், மாலையில் ஆட்கள் நிறைந்த கூடத்துக்குப் பொருந்தாது; முதல் பாடலிலேயே மறுபடி சரிசெய்ய வேண்டும். ஆள் குறைவாக வந்த நிகழ்ச்சி உண்மையிலேயே மோசமாக ஒலிக்கும். ரசிகரின் உடலே கூடத்தின் மெத்தை. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்துப் பின்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடும் கனத்த திரை, இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் எடுப்பதைவிட அதிகப் பயன் தரும். மெல்லிய சாட்டின் துணி அலங்காரத்துக்கு மட்டுமே உதவும்.

கர்நாடக இசைக்காக வளர்ந்த சபா அரங்குகளும், எழும்பூர் மியூசியம் தியேட்டர் போன்ற பழைய நாடக அரங்கும் இயல்பான குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்க்கும் மேடைகள். அங்கே ராக் குழு பாதிச் சத்தத்தில் வாசித்தாலே போதும். திறந்தவெளியில் சுவர் எதிரொலி இல்லை. ஆனால் மாலைக் கடற்காற்று மேல் அலைவரிசையை அலைக்கழிக்கும், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும்.

ஐந்தாவது கண்ணி: “வாய்ஸை ஏத்துங்க!”

கூட்டத்திலிருந்து எழும் இந்தக் குரல் நியாயமானது. ஆனால் பெரும்பாலும் பலிக்காது. பாடகரின் மைக்குக்குள் அவர் குரல் மட்டும் போவதில்லை. பின்னால் இரண்டு மீட்டரில் இருக்கும் கிராஷ் தட்டும் போகிறது. சவுண்ட்காரர் அந்த மைக்கின் அளவை ஏற்றினால் தட்டும் சேர்ந்து ஏறும். இன்னும் ஏற்றினால், பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மைக்குக்குள் புகுந்து, சுழன்று, ‘கூ’வென்று கூவும்.

இதன் சாவி பாடகரின் உதட்டில் இருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் இடைவெளி இரட்டிக்கும்போதெல்லாம் மைக்குக்குக் கிடைக்கும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் விழும்; டிரம்ஸ் அளவு அப்படியே இருக்கும். 2 சென்டிமீட்டரிலிருந்து 8 சென்டிமீட்டருக்குப் பின்வாங்கினால் 12 டெசிபல் போயிற்று. எந்த மிக்சராலும் அதை மீட்க முடியாது.

அடுத்தது மைக்கைப் பிடிக்கும் விதம். ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக் முன்னால் வருவதை எடுத்து, பின்னால் வருவதைத் தவிர்க்கும். அதன் வலைத்தலையைக் கைக்குள் பொத்தினால் அந்தத் திசைக்குணம் கெட்டு எல்லாப் பக்கத்தையும் வாங்கும், உடனே கூவும். மானிட்டரின் இடமும் முக்கியம். கார்டியாய்டு மைக்கின் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால், அதனால் மானிட்டர் நேர் எதிரே இருக்கலாம். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டில் செவிட்டுப் பக்கம் சற்று இரு ஓரங்களில். மானிட்டர் ஓரமாகத் தள்ளி இருக்க வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

நேரமும் 499 ரூபாயும்

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை? இரண்டு அரசு விதிகளின் நிழல் இதில் விழுகிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் மட்டும் ஒலிக்கும் நிகழ்ச்சிக்கு விலக்கு உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. சாதாரண நாளில் திறந்தவெளி மேடைக்கு 10 மணி என்பது கல்வெட்டு. அந்த விதி நியாயமானது. அதற்கேற்ற திட்டமிடல்தான் தவறுகிறது. நான்கு குழு, தலைக்கு 40 நிமிடம், இடையே மூன்று முறை மேடை மாற்ற 15 நிமிடம்: மொத்தம் 205 நிமிடம். 9.50க்கு முடிக்க 6.25க்குத் தொடங்க வேண்டும். வேலை நாளில் வேளச்சேரியிலிருந்தும் போரூரிலிருந்தும் கூட்டம் வந்து சேர ஏழு மணி தாண்டிவிடும். 7.10க்குத் தொடங்கினால் தொலைந்தது 45 நிமிடம், மூன்று மேடை மாற்றங்களின் நேரம் அப்படியே. ஒவ்வொரு இணைப்பிலும் ஒலி வருகிறதா என்று பார்க்கும் லைன் செக்கும் இல்லாமல் குழு ஏறுகிறது. அடுத்தவரின் பாட்டுக்கு முந்தைய குழுவின் அமைப்பு ஓடுகிறது. முதல் இரண்டு பாடல்கள் சவுண்ட் செக்காகவே கரைகின்றன.

மற்றொன்று ஜிஎஸ்டி. ஒரு நபருக்கு 500 ரூபாய்வரையிலான இசை நிகழ்ச்சி நுழைவுச் சீட்டுக்கு வரிவிலக்கு. அதைத் தாண்டினால் 18 சதவீதம், 500க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும். ரசிகர் 590 ரூபாய் கொடுத்தாலும் வரி 90 போக ஏற்பாட்டாளருக்கு நிற்பது 500. ஆகவே 501க்கும் 590க்கும் இடையே விலை வைப்பதில் பொருளில்லை. சிறிய நிகழ்ச்சிகள் 499இல் உட்கார்ந்திருப்பதன் கணக்கு இதுதான். 200 சீட்டும் விற்றால் 99,800 ரூபாய். கூடத்தின் வாடகை, சவுண்ட், ஜெனரேட்டர், சீட்டு விற்கும் தளத்தின் கழிவு போக மீதி நான்கு குழுவின் பதினாறு பேருக்குப் பிரிய வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் போவது குழுவின் பாடல்களை அறிந்த தனி சவுண்ட் எஞ்சினியர். வாடகைச் சாமானோடு வருபவரே மிக்சரில் அமர்கிறார். எந்தப் பாட்டில் எந்த வரி முக்கியம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குழு செய்யக்கூடியது

1. எந்த மைக், எந்தக் கருவி எந்த இணைப்பில் என்ற இன்புட் லிஸ்டோடு ஒரு பக்கம் பாடல் வரிசையையும் சவுண்ட்காரருக்கு முதல் நாளே அனுப்புங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு குறிப்பு: “இரண்டாம் சரணம் தாழ்ந்த குரல், ஏற்றவும்”, “இதற்கு டிலே வேண்டாம்”.
2. கடைசியாக மேடையேறும் குழு முதலில் சவுண்ட் செக் செய்யட்டும், முதலில் ஏறும் குழு கடைசியில். அவர்கள் அமைப்பு கலையாமல் நிகழ்ச்சி தொடங்கும்.
3. சவுண்ட் செக்கைக் கிக் டிரம்மில் தொடங்கி இருபது நிமிடத்தை அங்கேயே செலவிடாதீர்கள். முதலில் குரலையும் டிரம்ஸையும் மட்டும் சேர்த்து நிறுத்துங்கள். பிறகு பேஸ். கிடார் கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில்.
4. குரலுக்கு 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ரிவெர்பைக் குறைத்து, தேவையானால் ஒரே ஒரு குறுகிய டிலே வைத்துக்கொள்ளுங்கள்.
5. ஒத்திகையில் ஒருமுறை வரிகளைத் தாளத்தோடு பேசிப் பாருங்கள். இழுபடும் குறில்கள் அப்போதே காதில் உறுத்தும். மெட்டை அரை அடி தள்ளியோ சொல்லை மாற்றியோ தீர்க்கலாம்.
6. பெடல்போர்டின் 9 வோல்ட் அடாப்டர், ஆம்பின் பிளக், மிக்சரின் மின்சாரம் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வரட்டும். ஜெனரேட்டருக்கு எர்த் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் உறுமலும் மைக்கில் உதடு பட்டால் ஷாக்கும் வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான். எர்த் பின்னைப் பிடுங்கி உறுமலைப் போக்குவது உயிருக்கு ஆபத்து.
7. ஏசி அறையிலிருந்து சென்னை ஈரத்துக்குள் கிடாரைக் கொண்டுவந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சுருதி நகரும். மேடையோரத்தில் பெட்டியைத் திறந்து வைத்து, ஏறும் முன் மறுபடி சுருதி கூட்டுங்கள்.

ரசிகர் நிற்கும் இடம்

மேடையின் விளிம்பில் கிடார் ஆம்புக்கு எதிரே நின்றால் கேட்பது ஆம்பும் டிரம்ஸும் மட்டுமே. குரல் வரும் ஸ்பீக்கர்கள் உங்களைத் தாண்டிப் பின்னால் பார்க்கின்றன. பின்சுவரில் சாய்ந்தால் எதிரொலியும் பேஸும் திரளும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, கூடத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், மிக்சர் மேசைக்குச் சற்று முன்னால் நில்லுங்கள். சவுண்ட்காரர் எந்த ஒலியைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ அதுவே உங்களுக்கும் வரும்.

காதடைப்பானும் எடுத்துச் செல்லுங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 94 டெசிபல் ஒரு மணி நேரத்துக்கு, 100 டெசிபல் கால் மணி நேரத்துக்குத்தான் பாதுகாப்பு. மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற நுரை அடைப்பான் மேல் அலைவரிசையை அதிகமாக வெட்டும். மெய்யெழுத்தும் சேர்ந்து போய்விடும். எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் குறைக்கும் இசைஞர் அடைப்பான் தனியாக விற்கிறது, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மிகுந்த சத்தத்தில் காது தானே திணறிச் சொற்களைக் குழப்பிக்கொள்ளும். 15 டெசிபல் குறைந்ததும் அந்தத் திணறல் அடங்கி, அதுவரை கேட்காத வரி கேட்கத் தொடங்கும்.